பலகைக்குப் பின்னால் ஓதம்

வியாழக்கிழமை காலை இழுப்பறை காலியாக இருந்தது.

பூட்டு உடைபடவில்லை. சாவி வழக்கமான இடத்தில், பூச்சாடிக்கு அடியில் இருந்தது. நீல வெல்வெட் பெட்டியும் இருந்தது. உள்ளே நகை இல்லை. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை போட்ட நகை. ஒரு கழுத்தணி, வளையல்கள், ஒரு ஜோடித் தோடு.

ரீஹாம் பெட்டியை மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

இன்ஷிராஹ் சமையலறையிலிருந்து வந்தாள். துக்க வீடுகளுக்குப் போட்டுப்போகும் நல்ல கறுப்பு உடுப்பில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள். அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"வீட்டுக்குள்ளதான் எங்கேயாவது இருக்கும். யாருகிட்டயும் சொல்லாதே."

"அம்மா, அது அவங்க போட்ட நகை. நாளைக்கு அவங்க எல்லாரும் வர்றாங்க."

"அதனாலதான் சொல்றேன். வாயைத் திறக்காதே."

ரீஹாம் போனை எடுத்துத் தாமிரைக் கூப்பிட்டாள். அவள் திருடிவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். தாமிர்தான் அவளுக்கு நிச்சயமானவன். கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தச்சன் எங்க இருக்கான்?"

*

நண்பகலில் இன்ஸ்பெக்டர் ஸர்வத், அலெக்சாந்திரியாவின் முஹர்ரம் பே பகுதியில் இருந்த அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை கிளம்பிய கம்சீன், பாலைவனப் புழுதியை அள்ளிவரும் வறண்ட காற்று, இன்னும் அடங்கவில்லை. வானம் மஞ்சளாக இருந்தது. பல்லில் மணல் நெறுநெறுத்தது. அவருக்குக் காலையிலிருந்தே தலைவலி.

தெருவைவிட ஆளுயரம் மேலே இருந்த தரைத்தள வீடு. பால்கனிக் கொடியில் ஒரு கறுப்பு உடுப்பு படபடத்தது. வாசற்படியில் இரத்தத் துளிகள். அவற்றின் மேலும் புழுதி படிந்திருந்தது.

"இது யாரோடது?"

"தச்சனோடது, பாஷா" என்றான் காவலர் ராகிப். "மாப்பிள்ளை நமக்கு வேலையே வைக்கல. ரஷீத் ஊர் வரைக்கும் கார்ல போய், வேலை பார்த்துகிட்டிருந்தவனை அள்ளிட்டு வந்து, இந்தப் படியில வெச்சே கவனிச்சுட்டார். எங்க கைக்கு வந்தது மிச்சம்தான்."

"ஒத்துக்கிட்டானா?"

"ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டான். வித்துட்டானாம்."

"யார்கிட்ட?"

"அது இன்னும் அவனுக்கே தெரியல, பாஷா."

ஸர்வத் சிரிக்கவில்லை.

வரவேற்பறையின் மூன்று சுவர்களில் புதுப் பலகை அடித்திருந்தார்கள். தரையிலிருந்து தலைக்கு மேல் வரை செங்குத்தான பைன் பலகைகள், வாதுமை நிறச் சாயம் பூசியவை. நாளை மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத் தேதி குறிக்க வருவதற்குள் முடிய வேண்டும் என்று அவசரமாகச் செய்த வேலை. பலகைக்கும் பலகைக்கும் இடையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் சாக்குக்கட்டியால் இழுத்ததுபோல் ஓடின. ஜன்னல் இருந்த நான்காவது சுவருக்குப் பலகை இல்லை. ஸர்வத் திரையை விலக்கிப் பார்த்தார். சுண்ணாம்பு பொரிந்து, உப்புப் பூத்து, ஓதம் ஏறிய சுவர். திரையை மறுபடி இழுத்துவிட்டார்.

எதிரே இன்ஷிராஹின் இறந்துபோன கணவரின் படம். மூலையில் கறுப்பு நாடா.

தாமிர் நின்றுகொண்டே பேசினான். இளைஞன். வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, பாஷா? இழுப்பறைப் பூட்டெல்லாம் தச்சனுக்கு ஒரு பூட்டா? நகையை எடுத்து இந்தப் பலகைக்குப் பின்னாடி எங்கேயோ சொருகியிருக்கான். வெள்ளிக்கிழமை வந்து மிச்ச ஆணி அடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். கருவிப் பையைக்கூட இங்கேயே விட்டிருக்கான். ஆணி அடிக்கவா வருவான்? நகையை எடுக்க வருவான். ஒரு கடப்பாரை கொடுங்க, பத்து நிமிஷத்துல பிரிச்சுடறேன்."

"என் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள் இன்ஷிராஹ்.

"அத்தே, போனது என் நகை."

"இருக்கிறது என் சுவர்."

ஸர்வத் அவளை உட்காரச் சொன்னார்.

"நகையைக் கடைசியா எப்போ பார்த்தீங்க, ஹாஜ்ஜா?"

"சனிக்கிழமை. தச்சன் வர்றதுக்கு முன்னாடி ரீஹாம் வெச்சுப் பூட்டினா."

"அவன் எப்போ போனான்?"

"திங்கள் சாயங்காலம். மழை கொட்டிச்சு. நனைஞ்சுகிட்டே போனான்."

"அதுக்கப்புறம் யார் வந்தாங்க?"

"யாரும் வரல. இந்தக் காத்துல யாரு வருவா?"

"மாப்பிள்ளை?"

"சனிக்கிழமை ரீஹாமைக் கார்ல கூட்டிட்டுப் போய்ட்டு வாசல்ல விட்டுட்டுப் போனார். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்."

"பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

"நான். இவ மருந்துக்கடை வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவா."

"தச்சன் படுக்கையறைக்குள்ள போனானா?"

இன்ஷிராஹ் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போவான்."

"உள்ள போனானா?"

"நான் பார்க்கல, மகனே."

ரீஹாமிடம் ஸர்வத் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னைக்கு எதுக்கு இழுப்பறையைத் திறந்தீங்க?"

"நாளைக்கு அவங்க வர்றாங்க. எடுத்து வெக்கலாம்னு."

"போட்டுக்கவா?"

அவள் தாமிரைப் பார்த்தாள். சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எடுத்து வெக்க."

நிச்சய மோதிரம் போடும் விரல் வெறுமையாக இருந்தது.

"மோதிரமும் போயிடுச்சா?"

"இல்ல. என் கைப்பையில இருக்கு."

"மருந்து வேலை, பாஷா. கழட்டி வெச்சிருப்பா" என்றான் தாமிர். அவளிடம் கேட்டதற்கும் அவனே பதில் சொன்னான்.

ஸர்வத் வெளியே வந்தார். சந்து காலி. ஜன்னல்கள் மூடியிருந்தன. இடுக்குகளில் ஈரத்துணி திணித்திருந்தார்கள். வேறு எந்தப் பால்கனிக் கொடியிலும் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

*

ஸ்டேஷனில் தச்சன் ஷஹாதா சுவரோரம் குந்தியிருந்தார். ஐம்பது வயது. வலது கையைத் துண்டில் சுற்றியிருந்தார். துண்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களும் கோணலாகத் திரும்பியிருந்தன.

"நாற்காலியில உட்காருங்க, உஸ்தா."

அன்று அவரை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிடவில்லை. உட்காரத் தயங்கினார்.

"எதை வித்தீங்க?"

"எதை வித்தேன்னு சொல்லணுமோ அதை, பாஷா. இன்னொரு விரலை மட்டும் விட்டுருங்க."

"யாரும் தொட மாட்டாங்க. ஆனா பொழுது சாயறதுக்குள்ள உங்களை அரசு வக்கீல்கிட்ட அனுப்பியாகணும். ஒத்துக்கிட்டதா காகிதத்துல இருக்கு. அனுப்பிட்டா உள்ள போயிடுவீங்க. அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் வெளியே எடுக்க முடியாது. அதனால இப்போ சுவத்தைப் பத்திச் சொல்லுங்க."

"சுவத்தைப் பத்தியா?"

"எப்படி அடிச்சீங்க? முதல்லேருந்து."

ஷஹாதா சற்று நிமிர்ந்தார்.

"பழைய கல் சுவர். ஓதம். உப்பை எல்லாம் சுரண்டி எடுத்தேன். எடுத்தாலும் ரெண்டே நாள்ல திரும்பப் பூத்துடும், தொட்டா மாவு மாதிரி ஒட்டும். ஹாஜ்ஜாகிட்ட சொன்னேன், முதல்ல சுவத்துக்கு வைத்தியம் பாருங்க, அப்புறம் பலகை அடிக்கலாம்னு. சம்பந்தி வீட்டுக்காரங்க கண்ணுக்குச் சுவர் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அப்படின்னாங்க. சுவத்துல குறுக்கே ரீப்பர் கட்டை அடிச்சேன். சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி. அதுமேல பலகை. ஒண்ணோட ஓரத்துல நீட்டிகிட்டிருக்கிற நாக்கு அடுத்ததோட காடிக்குள்ள, அந்தப் பள்ளத்துக்குள்ள, போகும். ஆணி எல்லாம் நாக்குல, வெளியே தெரியாது."

"கடைசிப் பலகை?"

"அதுக்கு ஆணி இல்ல. மூலைச்சட்டம்தான் பிடிச்சுக்கும். சட்டத்துக்கு ரெண்டு ஆணி மட்டும் அடிச்சுட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வந்து முடிக்கிறதா இருந்தேன். ஹாஜ்ஜாவும் பக்கத்துல நின்னு பார்த்துகிட்டுதான் இருந்தாங்க."

"சாயம்?"

ஷஹாதாவின் முகம் சுருங்கியது.

"அது என் தப்பு. பலகையை ஒரு வாரம் அந்த அறையிலேயே கிடத்தி வெச்சிருக்கணும். சாயத்தையும் தரையில வெச்சுப் பூசிட்டுத்தான் அடிக்கணும். நேரம் இல்ல. ஈரப் பலகையை ஈரக் காத்துல அடிச்சு, சுவத்துல வெச்சே பூசினேன். இப்போ இந்தக் காத்துல பலகை சுருங்கியிருக்கும். காடிக்குள்ள இருந்த நாக்கு வெளியே தலை காட்டும். அங்க சாயம் இருக்காது. வெள்ளையா கோடு விழுந்திருக்குமே?"

"விழுந்திருக்கு."

"எல்லா இடுக்குலயும் விழுந்திருக்கும், பாஷா. ஒண்ணுகூடத் தப்பாது. ஹாஜ்ஜா என்னைத் திட்டியிருப்பாங்க."

"திட்டல" என்றார் ஸர்வத். எழுந்து நின்றார். "திங்கள் ராத்திரியிலேருந்து எங்க இருந்தீங்க?"

"நேரா ரஷீத். புது வீட்டு வேலை. அங்கேயே படுக்கை. மேஸ்திரி முனீப் ஒரு நிமிஷம்கூட விட மாட்டான்."

ஸர்வத் முனீபுக்குப் போன் செய்தார். முனீப் எரிச்சலோடு சொன்னார்: "எங்கேயும் போகல. இன்னைக்குக் காலையில ஒரு ரவுடி வந்து இழுத்துட்டுப் போனான். என் ஆளை எப்போ திருப்பி அனுப்புவீங்க?"

*

பிற்பகல் அஸர் தொழுகை அழைப்பு ஓய்ந்த நேரத்தில் ஜீப் மறுபடி சந்துக்குள் வந்தது. ஷஹாதா இறங்கினார். தாமிர் படியிலேயே நின்றிருந்தான்.

"இவனை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆணி பிடுங்க" என்றார் ஸர்வத்.

எல்லோரும் வரவேற்பறையில் நின்றார்கள். ஸர்வத் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து மெதுவாக நடந்தார். வெள்ளைக் கோடு, பலகை, வெள்ளைக் கோடு, பலகை. முதல் சுவர் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது சுவரின் மூலையில் கணவரின் படத்துக்குக் கீழே நின்றார்.

கடைசிப் பலகைக்கும் அதற்கு முந்திய பலகைக்கும் இடையில் கோடு இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வாதுமை நிறமாக இருந்தன.

"ராகிப், இந்த மூலைச்சட்டத்தைக் கழட்டு. உஸ்தா சொல்ற மாதிரி."

இன்ஷிராஹ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டம் சுலபமாக வந்தது. பலகை வரவில்லை. ஷஹாதா இடது கையால் உளியின் இடத்தைக் காட்டினார். ராகிப் நெம்பினான். பலகை முனகிக்கொண்டு வெளியே வந்தது. குளிர்ந்த மண்வாசனை அறைக்குள் ஏறியது. உள்ளே சுவர் முழுக்க வெள்ளை. ரீப்பரின் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது.

ராகிப் பையை மேசையில் கவிழ்த்தான். தங்கம் சத்தமிட்டது.

"சொன்னேனா இல்லையா!" தாமிர் ஷஹாதாவின் சட்டைக் காலரைப் பிடித்தான். "திருட்டு நாயே, சொன்னேனா இல்லையா?"

"கையை எடு" என்றார் ஸர்வத்.

"பாஷா, கண்ணால பார்த்துட்டீங்க…"

"நீ இன்னும் பார்க்கல. கையை எடு."

தாமிர் கையை எடுத்தான். ஸர்வத் பலகையை வாங்கி அதன் காடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுட்டுவிரலை நீளவாக்கில் இழுத்து, விரலை உயர்த்திக் காட்டினார். நுனி மஞ்சளாக இருந்தது.

"இது என்ன?"

"புழுதி" என்றான் ராகிப்.

"கம்சீன் புழுதி. செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி இந்த ஊர்ல ஒரு சிட்டிகை கிடையாது. திங்கள்கிழமை மழை. அந்த ஈரத்துல உஸ்தா இந்தப் பலகையை மாட்டிட்டுப் போனார். இடுக்கு இறுக்கமா மூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை காத்து வந்தது. பலகை எல்லாம் சுருங்குச்சு. இந்த இடுக்கும் திறந்துச்சு, புழுதி உள்ள போச்சு. அதுக்கப்புறம் யாரோ பலகையை வெளியே எடுத்து, பையைத் தொங்கவிட்டு, திரும்ப வெச்சுச் சுத்தியலால இறுக்கமா தட்டியிருக்காங்க. தட்டினதுல வெள்ளைக் கோடு மறைஞ்சுபோச்சு. உள்ள போன புழுதி அப்படியே மாட்டிக்கிச்சு. அவங்க தட்டினது அதிகம். கொஞ்சம் தளர்வா விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

ஸர்வத் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ உஸ்தா ரஷீத்துல இருந்தார். மாப்பிள்ளை வரவே இல்ல. இருந்தது ரெண்டே பேர்."

ரீஹாம் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"இந்தச் சுவத்துக்குள்ள கையை விட்டா என்ன ஆகும், உஸ்தா?"

"வெள்ளையா ஒட்டும், பாஷா. உதறினா போகாது. துவைச்சாத்தான் போகும்."

"கம்சீன் அடிக்கிற நாள்ல அலெக்சாந்திரியாவுல யாரும் துணி துவைச்சுக் காயப்போட மாட்டாங்க. நான் இந்தச் சந்து முழுக்கப் பார்த்தேன். ஒரே ஒரு கொடியில ஒரே ஒரு உடுப்பு. வீட்டுல போட்டுக்கிற கறுப்பு உடுப்பு. அதனாலதான் துக்கத்துக்குப் போற நல்ல உடுப்பை வீட்டுக்குள்ளேயே போட்டுகிட்டிருக்கீங்க, ஹாஜ்ஜா. இல்லையா?"

இன்ஷிராஹ் உட்கார்ந்தாள். குனிந்து தன் சட்டைக் கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"நான் திருடல" என்றாள்.

"தெரியும்."

"அம்மா?" என்றாள் ரீஹாம்.

"நீ என்ன சொன்னே? செவ்வாய்க்கிழமை ராத்திரி இதே நாற்காலியில உட்கார்ந்துகிட்டு என்ன சொன்னே? வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் நகையைத் திருப்பிக் கொடுத்துடுவேன்னு சொன்னியா இல்லையா? நகை கையில இல்லாட்டி எதைத் திருப்பிக் கொடுப்பே? வாயை மூடிகிட்டு இருப்பே. அவங்க தேதி குறிச்சுட்டுப் போயிடுவாங்க. அப்புறமா மாவு டப்பாவுக்குப் பின்னாடி கிடைச்சதுன்னு எடுத்துக் கொடுத்திருப்பேன்."

"என்னத்தைத் திருப்பிக் கொடுக்கிறது?" என்றான் தாமிர். "எதுக்கு?"

ரீஹாம் சட்டைக் கையை மடித்துவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்துப்போன நான்கு விரல் தடம்.

"சனிக்கிழமை. காருக்குள்ள. போனை உடனே எடுக்கலன்னு."

"கோவத்துல…"

"அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. எல்லா ஆம்பளையும் கோவப்படுவான்னு."

அவள் கைப்பையைத் திறந்தாள். மோதிரத்தை நகைக் குவியலின் மேல் வைத்தாள். எல்லாவற்றையும் துணிப்பைக்குள் தள்ளித் தாமிர் பக்கம் நகர்த்தினாள்.

"சரியா இருக்கான்னு பார்த்துக்கோ. பாஷா முன்னாடியே பார்த்துக்கோ."

தாமிர் பையை எடுக்கவில்லை. கதவுப் பக்கம் நகர்ந்தான். ராகிப் கதவில் சாய்ந்து நின்றான்.

"எங்க போறீங்க மாப்பிள்ளை? டீகூடக் குடிக்கலயே."

ஸர்வத் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உஸ்தா, உங்களை அடிச்சது இவன். புகார் எழுதவா?"

ஷஹாதா துண்டைப் பார்த்தார்.

"எழுதுங்க."

"ஸ்டேஷன்ல யாராவது?"

ராகிப் தரையைப் பார்த்தான்.

"அதையும் எழுதுங்க, பாஷா."

ஸர்வத் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"ஹாஜ்ஜா நகையை ஒளிச்சது அவங்க வீட்டு விஷயம். ஆனா தெரிஞ்சுகிட்டே உங்களை மாட்டவிட்டாங்க. அது வேற. நீங்க சொன்னா எழுதறேன். வேண்டாம்னா விட்டுடறேன்."

இன்ஷிராஹ் எழுந்து ஷஹாதாவின் பக்கத்தில் வந்தாள்.

"ஷஹாதா, மூணு நாளும் உனக்கு என் கையால சோறு போட்டேன். இப்படி ஆகும்னு நான் நினைக்கல. சத்தியமா நினைக்கல. விரல் கூடிடும்ல? நல்ல டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

ஷஹாதா அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸர்வத்தைப் பார்த்துப் பேசினார்.

"காலையில அந்தப் படியில வெச்சு என்னை அடிச்சப்போ நான் மேலே பார்த்தேன், பாஷா. இவங்க பால்கனியில நின்னுகிட்டிருந்தாங்க. நான் 'ஹாஜ்ஜா, நீங்களாவது சொல்லுங்க'ன்னு கத்தினேன். உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. விரலை உடைச்சது அதுக்கப்புறம்தான்."

ஷஹாதா துண்டு சுற்றிய கையை இடது கையால் தாங்கிக்கொண்டார்.

"எழுதுங்க" என்றார்.

*

இரவில் காற்று திசை மாறியது. கடலிலிருந்து ஈரம் வந்தது. விடியற்காலையில் தூறல்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ரீஹாம் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை. பால்கனிக் கொடியில் கறுப்பு உடுப்பு நனைந்து, மஞ்சள் சேறாகச் சொட்டியது. இன்ஷிராஹ் அதை எடுக்கவில்லை. வரவேற்பறையில் ஸ்டேஷனிலிருந்து வந்த அழைப்பாணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பலகைகள் ஈரம் குடித்து மெல்ல உப்பின. வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மத்தியானத்துக்குள் மூன்று சுவரும் அவள் ஆசைப்பட்டது போலவே வழுவழுவென்று இருந்தன. மூலையில் மட்டும் ஒரு பலகை இல்லை. அந்த இடத்தில் சுவர் தெரிந்தது.